கையில என்ன சாமி, துணியா?

வாங்க தம்பி. பெங்களூர்ல இருந்து எப்ப வந்தீங்க? வந்ததும் வராததுமா அட்டாலி மேல ஏறி என்ற யாஷிகா கேமராவ எறக்கியாச்சு. திண்ணையில பேப்பர் விரிச்சாச்சு. பல்லு வெளக்கற பிரஷ், மருந்துக்கடை ஸ்பிரிட்டு, தையல் மெசின் எண்ணெய், திருப்பூர் பனியன் வேஸ்ட் ஒரு கை, கூரியர்ல வந்த ஸ்க்ரூ டிரைவர் டப்பா, அத்தனையும் வரிசையா அடுக்கியாச்சு. நர்ஸம்மா ஒருத்திதான் பாக்கி. ஏங்கண்ணு, அந்தப் பொட்டி உனக்கு என்ன கெடுதல் பண்ணுச்சு?

கோவிச்சுக்காத. உன்ற மேல தப்பில்ல. பழைய சாமானக் கண்டா கை தொடைக்கப் போறது மனுசப் பொறப்பு. உன்ற அம்மாயி கூட என்னையப் பாக்கறப்பல்லாம் அப்படித்தான் பாப்பா. ஆனா ஒண்ணு சொல்றேன், கேட்டுக்க. தூசி படிஞ்சு செத்த கேமராவ நான் கண்டதில்ல. தொடச்சுத் தொடச்சுச் செத்ததத்தான் நெம்பக் கண்டிருக்கேன். அதுலயும் வெவரமில்லாதவன் தொட்டுக் கெட்டது கொஞ்சம், படிச்சவன் தொட்டுக் கெட்டதுதான் எச்சா. வெவரமில்லாதவன் பயந்துக்கிட்டு மேலாப்புலத் தொடச்சு வெச்சிருவான். நீங்கல்லாம் இஞ்சினீரு. அடி மட்டம் வரைக்கும் போவீங்க.

மொதல்ல மடியில இருக்கறது என்னன்னு தெரிஞ்சுக்க. யாஷிகா மேட் 124 ஜி. 1970ல இருந்து 1986 வரைக்கும் ஜப்பான்ல செஞ்சது. மேல ஒரு லென்ஸ், கீழ ஒரு லென்ஸ். மேல இருக்கறது நாம பாக்கறதுக்கு. அது வழியா வர்ற வெளிச்சம் உள்ளார சாஞ்சு நிக்கற கண்ணாடியில பட்டு, மேல இருக்கற தேய்ச்ச கண்ணாடியில உழுகும். தலையக் குனிஞ்சு பாக்கோணும். இணைச்சீர்ல, தெரட்டிச் சீர்ல அல்லாம் நான் இப்படிக் குனிஞ்சு நிக்கறதப் பாத்துட்டு, ஃபோட்டோக்காரரு நெம்ப மருவாதி தெரிஞ்சவருன்னு ஊர்ல பேரு. கீழ் லென்ஸுக்கு நடுவுல ஷட்டர், அதுக்குப் பின்னாடி ஃபிலிம். படம் புடிக்கறது அதுதான். கடைசில ‘ஜி’ன்னு இருக்குதே, உள்ளார மின்சாரம் தொடற முனைகளுக்குத் தங்க முலாம் பூசியிருக்கறங்காட்டி அந்தப் பேரு. இத உன்ற அம்மாகிட்டச் சொல்லிப் போடாத. சுரண்டிப் பாக்கச் சொல்லுவா.

இப்ப ஒரே ஒரு கேள்வி. காத்தால இருந்து எந்த லென்ஸத் தேச்சுக்கிட்டு இருக்கறே? மேல இருக்கறதயா? பலே. அதுல சாணியே அப்பியிருந்தாலும் படத்துல ஒரு பொட்டுத் தெரியாது, சாமி. பாக்கறதுக்கு மங்கலா இருக்கும், அவ்வளவுதான். அதே கணக்குத்தான் சாஞ்ச கண்ணாடிக்கும், தேய்ச்ச கண்ணாடிக்கும். அங்க கெடக்கற தூசி உன்ற கண்ணத்தான் உறுத்தும், ஃபிலிம் அதக் கண்டுக்காது. படத்துக்குச் சம்பந்தமே இல்லாத எடத்துல ஒரு பொழுது முச்சூடும் உழைச்சிருக்கறே. உங்க ஆபீஸ்ல உனக்குச் சம்பளம் எச்சாப் போட்டாங்கன்னு கேள்விப்பட்டேன். எதுக்குன்னு இப்பத்தான் புரியுது.

செல்ஃபோன் டார்ச்ச லென்ஸுக்குள்ளார அடிச்சுப் பாத்துட்டு, அய்யோ அப்புச்சி, உள்ளார ஒரே அழுக்குன்னு மூஞ்சி வெளுத்துப் போயி நின்னியே. டார்ச் அடிச்சுப் பாத்தா நேத்துச் செஞ்ச லென்ஸும் அப்படித்தான் தெரியும். முன் லென்ஸுல நாலு தூசி, ஒரு கீறல் இருந்தா படத்துக்கு ஒண்ணும் ஆகாது. அது ஃபோகஸுக்கு நெம்ப இக்கட்ட இருக்கறங்காட்டி உருவமாத் தெரியாது. பின் லென்ஸு அப்படியில்ல. ஃபிலிமுக்குப் பக்கத்துல இருக்கறங்காட்டி அதுல கறை இருந்தா வம்புதான். ஆனா பின் லென்ஸ ஆரு பாக்கறா? திண்ணைக்கு வர்ற ஒறம்பரைக்குத் தெரியறது முன் லென்ஸுதானே.

சாஞ்ச கண்ணாடிக்கு வருவோம். உனக்கு அது மேலதான் கண்ணு. அதுல புள்ளி புள்ளியா இருக்குதுன்னு ஒரே வெசனம். ஊட்டுல தலை சீவற கண்ணாடிக்கு ரசம் பின்னாடி இருக்குது. முன்னாடி நீ விபூதி போட்டுத் தேச்சாலும், நனைச்ச பேப்பர்ல தேச்சாலும், கண்ணாடி காவல் நின்னு ரசத்தக் காப்பாத்திப் போடும். கேமராக் கண்ணாடிக்கு அந்தக் காவல் இல்ல. ரசம் முன்னாடியே இருக்குது. ஏன்னா, பின்னாடி வெச்சா ரசம் ஒரு பிம்பம் காட்டும், கண்ணாடியோட மேல் மொகம் மங்கலா இன்னொண்ணு காட்டும். பொண்ணுக்கு ரெண்டு மூக்குத் தெரிஞ்சா எந்த மூக்குக்கு ஃபோகஸ் வெப்பே? அதுனால காத்தில்லாத கூண்டுக்குள்ளார உலோகத்த ஆவியாக்கி, கண்ணாடி மொகத்து மேலயே படிய வெக்கறாங்க. ஒரு மில்லிமீட்டரப் பத்தாயிரம் பங்காப் பிரிச்சா அதுல ஒரு பங்குதான் அதோட கனம். சுடுபால் மேல ஏடு நிக்கற மாதிரி நிக்குது. பனியன் வேஸ்ட் வெச்சு ஒரு இழுப்பு இழு, ஏடு துணியோட வந்துரும்.

அது முன்ரசமா பின்ரசமான்னு தொட்டுப் பாத்துத் தெரிஞ்சுக்கறேன்னு ஆரம்பிக்காத. வெரல் நுனியும் அதோட பிம்பமும் ஒட்டி நின்னா முன்ரசம், நடுவுல சந்து இருந்தா பின்ரசம்னு ஒரு சோதனை இருக்கறது நெசந்தான். சோதனை முடிஞ்சதும் உன்ற கைரேகை அங்கயே குடியிருக்கும். வெரல்ல இருக்கற உப்பும் எண்ணெயும் அந்த உலோகத்தப் பைய அரிக்கும். பத்திர ஆபீஸ்ல வெச்ச ரேகையாலயாவது நமக்கு ரெண்டு ஏக்கரா நின்னுச்சு.

ரப்பர் பல்பு ஒண்ணு இருக்குதுல்ல, அமுக்குனா புஸ்சுங்கும், அத வெச்சு ஊது. போறது போகட்டும், போகாதது இருக்கட்டும். வாயில ஊதாத. காத்தால நீ தின்ன வெங்காயச் சட்டினி வரைக்கும் அதுல தெறிக்கும். டப்பாவுல அடைச்ச காத்து வாங்கி வெச்சிருக்கறியா? அதச் சாச்சுப் புடிச்சீன்னா காத்துக்குப் பதுலாத் திரவம் பீச்சும், கறை நின்னுக்கும். நேராப் புடிச்சாலும் வேகம் எச்சா. நெஞ்சுக்கு நேராத் துப்பாக்கி வெச்சுத் தும்மல நிறுத்தற வேலை நமக்கு எதுக்கு?

இதாவது கண்ணாடி. கேனான்காரங்க 1965ல பெல்லிக்ஸ்னு ஒரு கேமரா விட்டாங்க. அதுல கண்ணாடி நிக்கற எடத்துல ஒரு மில்லிமீட்டர்ல ஐம்பதுல ஒரு பங்கு கனத்துக்குப் பிளாஸ்டிக் ஏடு ஒண்ண இழுத்துக் கட்டியிருக்குது. கொஞ்சம் வெளிச்சம் பாக்கறவன் கண்ணுக்குப் போகும், மிச்சம் அது வழியாவே ஃபிலிமுக்குப் போகும். அதத் துணி வெச்சுத் தொடைக்கற பையனுக்கு ஆரும் பொண்ணு குடுக்காதீங்க.

செரி, லென்ஸு. கீழ் லென்ஸச் சாச்சுப் பாத்தீன்னா ஊதாவாவும் மஞ்சளாவும் ஒரு மினுமினுப்புத் தெரியுதுல்ல? அதுவும் அழுக்குன்னு நெனச்சுத் தேச்சியோ? ஒரு கதை சொல்றேன். 1890கள்ல இங்கிலாந்துல டென்னிஸ் டெய்லர்னு ஒரு லென்ஸ்காரரு. நாள்பட்டு நெறம் மங்கிப் போன லென்ஸப் பாத்தாரு. நீயா இருந்தா உடனே பற்பசை எடுத்திருப்பே. அவரு கம்முனு வெளிச்சத்த அளந்து பாத்தாரு. புதுசா இருக்கற லென்ஸ விட நெறம் மங்குன லென்ஸு எச்சா வெளிச்சம் உடுது! கண்ணாடி மேல தானாப் படிஞ்ச அந்தப் படலம், வெளிச்சம் திரும்பிப் போறதத் தடுக்குது. அப்பறம் 1935ல ஜெர்மனியில ஜெய்ஸ் கம்பெனி ஸ்மகுலா, அந்தப் படலத்தையே வேணும்னு பூசற வழியக் கண்டுபுடிச்சாரு. பூச்சில்லாத கண்ணாடி மொகம் ஒவ்வொண்ணும் 100ல 4 பங்கு வெளிச்சத்தத் திருப்பி அனுப்பிப் போடும். உன்ற யாஷிகாவோட கீழ் லென்ஸுல நாலு கண்ணாடி, மூணு கட்டு, காத்தத் தொடற மொகம் ஆறு. பூச்சு இல்லீன்னா 100ல 20க்கு மேல தடத்துலயே செலவாயிரும். செலவானது சும்மாவும் போகாது, உள்ளார அங்கயும் இங்கயும் மோதிக் கறுப்பச் சாம்பலாக்கும். ஆக, பெரிய மூளையெல்லாம் சேந்து பூசுனத, நீ ஒரு மத்தியானத்துல வழிச்செடுக்கப் பாக்கறே.

உடு. தொடைச்சே ஆகோணும்னா இப்படித் தொடை. நம்மூர்த் தூசின்னா என்ன? செம்மண்ணும், வெங்கச்சாங்கல்லு பொடிஞ்ச மாவும். எந்தக் கல்லு எதக் கீறும்னு மோஸுங்கற ஜெர்மன்காரரு போட்டு வெச்ச வரிசை ஒண்ணு இருக்குது. அதுல வெங்கச்சாங்கல்லு 7, கண்ணாடி அஞ்சரை பக்கம். அந்த மாவோட சேத்துத் துணியப் போட்டுத் தேச்சீன்னா, நீ தொடைக்கல, எழுதறே. அதுனால மொதல்ல கேமராவக் குப்புறப் புடிச்சு ஊதோணும். அப்பறம் மெத்துனு இருக்கற பிரஷ்ஷுல மேலாப்புலத் தட்டி உடோணும். அந்தப் பிரஷ்ஷோட முடிய வெரல்ல நீவி நீவிப் பாக்கக் கூடாது. உன்ற தலையில வெச்ச தேங்காயெண்ணெய் வெரல் வழியா லென்ஸுக்குப் போயிரும். அதுக்கும் போகாத கறை, வெரல் பட்ட கறை இருந்தாத்தான் லென்ஸ் பேப்பர். லென்ஸ் தொடைக்கற மருந்த ஒரு சொட்டுப் பேப்பர்ல உட்டு, நடுவுல இருந்து வெளிப்பக்கமாச் சுத்தி வரோணும். அமுக்கக் கூடாது. மருந்த நேரா லென்ஸு மேல ஊத்துனீன்னா ஓரத்துச் சந்துல எறங்கி உள்ளார போயிரும், அப்பறம் அது வெளிய வராது. வேட்டி முனையா? நல்ல யோசனை. நம்ம தோட்டத்துல பாதி அதுலதான் இருக்குது.

அழுக்கே இல்லாத அழுக்கு ஒண்ணு இருக்குது. பக்கத்து டவுன் ஸ்டுடியோவுல ஒருத்தரு பென்டாக்ஸ் வெச்சிருந்தாரு, அதுல சூப்பர் டாகுமார் 50 மில்லிமீட்டர் எஃப் 1.4. நாள்பட நாள்பட லென்ஸு டீத்தண்ணி நெறத்துக்கு வந்துருச்சு. மனுசன் ஸ்பிரிட்டுப் போட்டாரு, சோப்புப் போட்டாரு, போகல. எப்படிப் போகும்? கறை கண்ணாடி மேல இல்ல, கண்ணாடிக்குள்ளாரயே இருக்குது. வெளிச்சத்த நல்லா வளைக்கோணும்னு அந்தக் காலத்துல சில கண்ணாடியில தோரியம் சேத்து உருக்குனாங்க. நம்ம மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணல்ல இருக்குதே, அதே தோரியம். அதுல இருந்து வர்ற கதிர் பட்டுக் கண்ணாடி மஞ்சளாயிருது. அதுக்கு வைத்தியம் வெயிலு. லென்ஸத் தனியாக் கழட்டி ஜன்னல் ஓரத்துல வெயில் படற மாதிரி நாள்கணக்குல வெச்சா மஞ்சள் கொறையும். கீழ வெள்ளைக் காகிதம் போட்டு வெக்காத, லென்ஸு வெயிலக் குவிச்சுப் பத்த வெச்சிரும். நம்மூர்ல வெயிலுக்குப் பஞ்சமா? ஓசியில கெடைக்கற வைத்தியத்த ஆரு மதிக்கறா.

பூசணத்துக்கு வருவோம், கேமராக்காரங்க பாஷையில ஃபங்கஸ். இது மட்டும் நெசமாவே சீக்கு. லென்ஸுக்குள்ளார செலந்தி வலை கட்டுனாப்புல வெள்ளை நூலு தெரிஞ்சா அதுதான். ஈரமும் இருட்டும் நிக்கற காத்தும் இருந்தாப் போதும். பாரு, நீ அந்தத் தோல் உறையத் தொடச்சுப் பாலீஷ் போட்டு, கேமராவ அதுக்குள்ளார வெச்சு, பட்டன் மாட்டி, பீரோவுல அம்மாயி பட்டுச் சேலைக்கு நடுவுல வெச்சுப் பூட்டலாம்னு சொன்னியே, ஃபங்கஸுக்கு அத விட வசதியான ஊடு கெடையாது. தோலு ஈரத்தக் குடிச்சு வெச்சுக்கும். அந்துருண்டை வேற வாசம் புடிச்சுக்கிட்டுக் கெடக்கும். கேமராவோட வர்ற பொஸ்தகத்துலயே அந்துருண்டை, கற்பூரம் பக்கத்துல வெக்காதீங்கன்னு போட்டிருப்பாங்க. பொஸ்தகத்த நீ படிக்க மாட்டே, எனக்குத் தெரியும். அரிசி டப்பாவுல பொதைக்கற வேலையும் வேண்டாம். அரிசி குடிக்கற ஈரம் கொஞ்சம், உதுக்கற மாவு எச்சா. மூடி இறுக்கமா இருக்கற பிளாஸ்டிக் டப்பா, அதுக்குள்ளார சிலிக்கா ஜெல்லு, ஈரம் காட்டற சின்னக் கடிகாரம் ஒண்ணு. முள்ளு 40ல இருந்து 50க்குள்ள நின்னாச் செரி. நீல ஜெல்லு ரோஸா மாறுனா ஈரம் ரொம்பிருச்சுன்னு அர்த்தம். சூடு பண்ணுனா மறுக்கா நீலமாகும். அதுக்காக அம்மாயி தோசைக்கல்ல எடுத்துப் போடாத, அது திங்கற பண்டமில்ல. எல்லாத்துக்கும் மேல, மாசத்துக்கு ஒருக்கா வெளிய எடுத்துப் படம் எடு. பொழங்கற கேமராவுல பூசணம் சுளுவுல குடி வராது.

வந்துருச்சுன்னா? வெளி மொகத்துல இருந்தா மெக்கானிக்கு மருந்து போட்டு எடுத்துருவாரு. ஆனா அது கண்ணாடியத் தின்ன தடம் அப்படியே நிக்கும். பூச்சையும் கண்ணாடியையும் அரிச்சு எடுத்தத எந்த மருந்தும் திருப்பிக் குடுக்காது. லேசா இருந்தா, படம் எடுத்துப் பாத்துட்டு, ஒண்ணும் தெரியலீன்னா அத அதுபாட்டுக்கு உட்டுப் போடு. உள் லென்ஸ நீயே கழட்டறேன்னு எறங்குனீன்னா, மாட்டறப்ப மரை அரைச் சுத்து முன்ன பின்ன நிக்கும். அதோட முடிவில்லாத தூரம் பக்கத்து ஊரோட முடிஞ்சுரும். அதுலயும் இது ரெட்டை லென்ஸு. மேல பாக்கறதும் கீழ எடுக்கறதும் ஒட்டுக்கா ஃபோகஸ் ஆகோணும். நீ மூக்குக்கு வெப்பே, படத்துல காது பளிச்சுனு இருக்கும்.

எண்ணெய் டப்பாவப் பத்திக் கேக்காம உடலாம்னு பாத்தேன், மனசு கேக்கல. ஷட்டரு மெதுவாப் போகுது, ஒரு செகண்டுன்னு வெச்சா மூணு செகண்டு இழுக்குது, அதுனால ரெண்டு சொட்டு. ஆகா. அந்த ஷட்டரோட இதழு தலைமுடி கனத்துக்கு இரும்புத் தகடு, அஞ்சு இதழு ஒண்ணு மேல ஒண்ணு சறுக்கித் தொறக்கோணும், மூடோணும். எச்சா வேகத்துல ஒரு செகண்டுல ஐந்நூறுல ஒரு பங்கு. அது ஓடறதே காஞ்சு கெடக்கறதாலதான். ரெண்டு சொட்டு எண்ணெய் பட்டா இதழும் இதழும் ஒட்டிக்கிட்டு ஒண்ணையொண்ணு உடாது. புதுசாக் கண்ணாலம் ஆனவிய. எண்ணெய் அங்கயே நிக்குமா? பைய ஊர்ந்து அப்பர்ச்சர் இதழுக்குப் போகும், அங்க இருந்து லென்ஸு மேல ஆவியாப் படியும். துருப்புடிச்ச நட்டுக்கு அடிக்கற ஸ்ப்ரே இன்னும் மோசம். ஷட்டரு எதுனால மெதுவாச்சு? உள்ளார பல்சக்கரத்துல எவனோ எப்பவோ வெச்ச எண்ணெய் காஞ்சு பிசினாயிருச்சு. எண்ணெயால வந்த சீக்குக்கு எண்ணெயே மருந்து. இந்தக் கணக்க உங்க காலேஜுல சொல்லிக் குடுத்தாங்களா?

ஃபிலிம் இல்லாம ஒவ்வொரு வேகத்துலயும் வெச்சுப் பல தடவை தட்டிப் பாரு. பாதிக்குப் பாதி தானா இளகி வரும். வரலீன்னா, கழட்டிக் கழுவி அளவா எண்ணெய் வெக்கற மெக்கானிக்கு இன்னும் ரெண்டொருத்தரு இருக்காங்க, குடு. செல்ஃப் டைமரு கம்பிய மட்டும் சீண்டாத. பழைய கேமராவுல மொதல்ல படுத்துக்கறது அதுதான், படுக்கறப்ப ஷட்டரையும் கூட்டிக்கிட்டுப் படுத்துக்கும்.

உன்ற சிநேகிதப் பையன் ஷட்டருக்கு இதழுக்குப் பதுலாத் துணித் திரை இருக்கற கேமரா வெச்சிருக்கறான்னு சொன்னியே, அவனுக்கும் ஒரு சேதி சொல்லு. திரை ரப்பர் பூசுன துணி. வெரல்ல தொடாத, மூடியில்லாம லென்ஸ வெயிலப் பாத்து வெக்காத. கண்ணாடி குறுக்க நிக்காத லைக்கா வகையா இருந்தா, வெயில் குவிஞ்சு திரையில ஓட்டை போட்டுரும். நிக்கான் எஃப்எம்2ன்னு 1982ல வந்துச்சு, அதுக்கு டைட்டானியத் தகட்டுல திரை. டைட்டானியம்னா ராக்கெட்டுக்குப் போடற சாமான், தொட்டா என்னன்னு ஒரு வெரல் வெச்சான்னா நெளிஞ்சுரும்.

பின் மூடியத் தொறந்தா ஓரத்துல தாரு ஒட்டியிருக்குதுன்னு அலறுனியே, அது தாரு இல்ல. வெளிச்சம் புகாம இருக்கறதுக்கு வெச்ச நுரை ரப்பர். பத்து இருவது வருசத்துல தானா உளுத்துப் பிசுபிசுன்னு ஆயிரும். இத மாத்தறது நெசமாவே உன்ற வேலைதான், கண்ணு, நீ தாராளமாப் பண்ணு. ஆனா அந்த ஸ்க்ரூ டிரைவரால சுரண்டாத. பல்லுக்குத்தற மூங்கில் குச்சி, தொண்ணூத்தொம்பது சதவீத ஐசோப்ரோபைல் ஆல்கஹால், பஞ்சுக் குச்சி. மொதல்ல ஃபிலிம் கட்டத்தக் காகிதம் வெச்சு மூடிக்க. அந்தப் பிசின் ஒரு துளி லென்ஸுப் பக்கமோ ஷட்டருப் பக்கமோ போச்சுன்னா பொழுதுக்கும் அழுவே. ஒட்டறதுக்குப் பசை வெச்ச நுரைப் பட்டையே விக்குது, பள்ளத்து அளவுக்கு வெட்டி ஒட்டிக்க. எச்சாக் கனமா ஒட்டுனா மூடி மூடாது, மூடலீன்னா நீ அமுக்குவே, அமுக்குனாக் கொண்டி வளையும். நகப்பாலீஷ் அழிக்கற மருந்த மட்டும் கேமரா பக்கமே கொண்டாந்துராத. பிளாஸ்டிக்குல பட்டா உருகி வெள்ளையாப் போயிரும்.

பேட்டரிக் குழியில பச்சையும் வெள்ளையுமாப் பூத்திருந்தா பஞ்சுக் குச்சியில எலுமிச்சைச் சாறு தொட்டு எடு, அப்பறம் ஆல்கஹால்ல தொடச்சுக் காய உடு. இதுக்குப் போட்ட பழைய பாதரசப் பேட்டரி 1.35 வோல்ட்டு, இப்ப அது வர்றதில்ல. 1.5 வோல்ட்டு போட்டா மீட்டரு பொய் சொல்லும். நான் எந்தக் காலத்துல மீட்டரப் பாத்தேன்? நல்ல வெயில்னா எஃப் 16, ஃபிலிம் டப்பா மேல 100ன்னு போட்டிருந்தா வேகம் 125. தீந்துச்சு.

ஸ்க்ரூ. ஜப்பான் ஸ்க்ரூத் தலையும் நம்ம கடையில விக்கற பிலிப்ஸ் டிரைவரும் பாக்கறதுக்கு ஒண்ணாத்தான் இருக்கும். ஆனா முனை ஒட்டாது, வழுக்கித் தலையத் தின்னுரும். ஜப்பான் அளவுல டிரைவர் தனியா வருது. வாங்கிக்க, ஆனா உபயோகிக்காத.

இப்பச் சொல்றேன் கேளு. தொடைச்சே ஆகோணும்ங்கற எடம் ஒண்ணு இந்தக் கேமராவுல இருக்குது. அந்தப் பக்கம் மட்டும் நீ இன்னும் போகவே இல்ல. பின் மூடியத் தொறந்தா, ஃபிலிம் மேலேறி வர்ற தடம். மேலயும் கீழயும் உருளை, நடுவுல சதுரக் கட்டம். 120 ஃபிலிமுக்குப் பின்னாடி கறுப்புக் காகிதம் இருக்கறங்காட்டி அழுத்தற தகடு அந்தக் காகிதத்தத்தான் தொடும். முன் மொகம், மருந்து பூசுன மொகம், உருளை மேலயும் கட்டத்து விளிம்பு மேலயும் உரசிக்கிட்டே வரும். அந்த உருளையில ஒரு மண்ணுத் துணுக்கு ஒட்டியிருந்தாப் போதும், பன்னெண்டு படத்துக்கும் சேத்து ஒரே கோடு. மருந்துப் பக்கம் கீறல் உழுந்தா பிரிண்டுல கறுப்புக் கோடு, பின்பக்கம் உழுந்தா வெள்ளைக் கோடு. மாப்பிள்ளை மூஞ்சிக்குக் குறுக்கால கோடு போட்டுக் குடுத்துட்டுப் பொண்ணூட்டுக்காரங்ககிட்டக் காசு கேட்டுப் பாரு. கட்டத்து ஓரத்துல ஒரு முடி நின்னா அதோட நெழல் அத்தனை படத்துலயும் நிக்கும். போன ரோலோட காகிதம் உதுத்த நூலும் அங்கதான் கெடக்கும். தூசிக்கும் ஃபிலிமுக்கும் எத்தனை பகைன்னா, 1960ல அரசாங்கம் இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் ஆரம்பிச்சப்ப, குளுந்த காத்து, தூசி இல்லாத ஊருன்னு ஊட்டி மலை மேல கொண்டு போயி வெச்சாங்க. ‘இந்து’ன்னு ஃபிலிம் அங்க இருந்து வந்துச்சு. அத்தனை பாடுபட்டுச் சுத்தமாச் செஞ்சு எறக்குனத, நாம தாராபுரம் ரோட்டோரத்துல நின்னுக்கிட்டு, பஸ்ஸு புழுதி கெளப்பறப்ப டப்பாவத் தொறந்து மாட்டுவோம்.

அங்க பிரஷ் போடு, ஊது, உருளையச் சுத்தி உட்டு ஈரப் பஞ்சுக் குச்சியில தொடை, காய உடு. கால் மணி நேர வேலை. ஆரும் வந்து பாத்து, அடடா என்ன சுத்தம்னு சொல்ல மாட்டாங்க, மூடிய மூடுனா உள்ளார போயிரும். அதுனாலதான் ஒருத்தனும் அதச் செய்யறதில்ல.

செஞ்சாச்சா? அப்ப ஒரு ஃபிலிம் ரோல எடு. திண்ணை நெழல்லயே மாட்டு. கீழ புது ரோலு, மேல காலி ஸ்பூலு. காகிதத்த மேல இழுத்துச் சொருகு, கைப்புடியப் பைய சுத்து. காகிதத்துல இருக்கற அம்புக்குறி பொட்டியில இருக்கற குறிக்கு நேரா வந்ததும் நிறுத்தி மூடு. பன்னெண்டு படம்தான், தம்பி, ஃபோன்னு நெனச்சுக்கிட்டு டமடமன்னு தட்டிப் போடாத. மொதல் படத்துக்கு அம்மாயியக் கூப்புடு. படம்னு சொன்னாச் சேலை மாத்தப் போவா, அது முடியறதுக்குள்ள நீ ரோலு மாட்டறதக் கத்துக்குவே.